சாட்சி சொல்லிவிட்டார், பீரோ சாவியை நான் இன்னும் கொடுக்கவில்லை

தேரிக்காட்டு மருமகள் கேட்கிறார்:

எங்களுடையது திருச்செந்தூர் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சேகரம், அதாவது ஒரு போதகரின் பொறுப்பில் இருக்கும் சபைகள். என் வீட்டுக்காரர் பதினொரு வருடம் குடித்தார். ஏழு மாதமாகக் குடிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்து எழுதப்போவதைப் படித்தால் என்னை நன்றி கெட்டவள் என்று நினைப்பீர்கள்.

கன்வென்ஷன் என்ற நற்செய்திக் கூட்டத்தில் முன்னால் போய் முழங்கால் போட்டார். அன்றிலிருந்து தொடவில்லை. இரண்டாம் நாள் இரவு கை நடுங்கி, வலிப்பு வந்து, ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மனம் திரும்பிய கதையைச் சபை முன் சொல்வதைத்தான் சாட்சி என்போம். அந்த ஐந்து நாள் மட்டும் அவருடைய சாட்சியில் வராது.

போன மாதம் ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொன்னார். மனைவியை அடித்ததையும், அவளுடைய தையல் மிஷினை விற்றுக் குடித்ததையும் மைக்கில் சொன்னார். சபை முழுவதும் ஸ்தோத்திரம் என்றது. பக்கத்தில் இருந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. முந்தானையில் பிரிந்திருந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தேன். அடி வாங்கியவள் நான். அதை ஊருக்குச் சொல்லலாமா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த மிஷின் என் அம்மா கொடுத்த கால் மிஷின். இரண்டாவது பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது விற்றுவிட்டார். கைப்பிள்ளையோடு திரும்பி வந்தால், ஜன்னலுக்குக் கீழே சிமெண்டுத் தரையில் நான்கு துருக்கறை. இன்றைக்கும் துடைத்தால் போகாது.

இதைப் பற்றிப் பேச்செடுத்தால், ‘பழையவைகள் ஒழிந்துபோயின’ என்று வசனம் சொல்கிறார். பீரோ சாவியும் ஏ.டி.எம். கார்டும் என்னிடம்தான் இருக்கின்றன. இப்போது கேட்கிறார். “மன்னித்தது உண்மையானால் கொடுத்துவிட வேண்டியதுதானே” என்கிறார் எங்கள் ஐயரம்மா, போதகரின் மனைவி. மூத்தவள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். குடும்ப ஜெபத்தில் அப்பா ஜெபிக்கத் தொடங்கினால் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவாள். ஆமென் சொல்லும்போது வந்து உட்காருவாள்.

சாவியைக் கொடுக்காமல் இருப்பது மன்னியாத குணமா?

---

ஜெபவீரன்:

சகோதரி, எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்டபோது ஏழெழுபதுதரம் என்று கர்த்தர் சொன்னார். உபவாசித்து ஜெபியுங்கள். சந்தேகம் பிசாசின் வேலை. சாவியைக் கொடுத்து விசுவாசத்தைக் காட்டுங்கள்.

---

பாளை பழைய குடிகாரன்:

தம்பி ஜெபவீரன், பிசாசை விடுங்கள். பதினாறு வருடத்துக்கு முன் குடியை விட்டவன் பேசுகிறேன். சாவியைக் கொடுக்காதீர்கள் அம்மா.

நானும் சாட்சி சொன்னவன்தான், ஒரே வருடத்தில் நான்கு ஆலயங்களில். அதில் ஒரு போதை உண்டு, ஒளிக்காமல் சொல்கிறேன். நேற்று வரை முகம் கொடுக்காத சபை மூப்பர் வந்து கையைக் குலுக்குவார். அசன பண்டிகையில், சபை விருந்தில், பந்திக்கு முன்னால் ஜெபிக்கக் கூப்பிடுவார்கள். வீட்டில் அடகுக் கடை ரசீதுகள் அப்படியே இருக்கும்.

வேதத்தில் வரும் வரி வசூலிப்பவன் சகேயுவைப் பாருங்கள் (லூக்கா 19). அவன் சாட்சி சொல்லவில்லை, கணக்குச் சொன்னான். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியதற்கு நாலத்தனை. அதற்குப் பிறகுதான் ‘இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது’ என்று இயேசு சொல்கிறார். எண்ணாகமம் 5:7 இன்னும் கறாரானது. பாவத்தை அறிக்கையிட வேண்டும், முதலைத் திருப்பித் தர வேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தர வேண்டும், அதுவும் யாருக்குக் குற்றம் செய்தானோ அவனுக்கே. உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் வசனம் சத்தியம்தான். அதைக் கடன்காரரிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

நான் போனது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு. 1935-இல் அமெரிக்காவில் ஆக்ரன் நகரத்தில் இரண்டு குடிகாரர்கள் தொடங்கியது. அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் எட்டாவது, யார் யாருக்குத் தீங்கு செய்தோம் என்று பட்டியல் போடுவது. ஒன்பதாவது, நேரில் போய் ஈடு செய்வது, ஆனால் அது அவர்களையோ வேறு யாரையோ காயப்படுத்தும் என்றால் செய்யக் கூடாது. மைக்கில் உங்கள் அடியைச் சொன்னது இந்த இடத்தில்தான் உதைக்கிறது.

என் மனைவி நான்காம் வருடம்தான் சாவியைக் கொடுத்தாள். அதுவரை தினமும் பஸ்ஸுக்கும் டீக்கும் எண்ணிக் கொடுப்பாள். முதல் வருடம் முழுவதும் அவள்மேல் எரிச்சலாகவே இருந்தேன். இப்போது நினைத்தால், கையில் காசு இல்லாததால்தான் பல சாயங்காலங்களில் நேராக வீட்டுக்கு வந்தேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். யாருக்கு, என்ன, எவ்வளவு என்று எழுதட்டும். சாவி பேச்சு அதற்குப் பிறகு.

---

இரவுப் பணி நர்ஸ்:

கேள்விக்கு அண்ணன் பதில் சொல்லிவிட்டார். நான் எழுதுவது படிக்கிற மற்றவர்களுக்கு. தினமும் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள். அதற்கு அடுத்து பிதற்றல், இல்லாதது கண்ணில் தெரிவது. உயிரே போகலாம். ஜெபத்தோடு டாக்டரையும் பார்த்து நிறுத்துங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416-க்கு அழைக்கலாம், அரசின் இலவச மனநல உதவி எண். குடிக்கிறவர்களின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது. அம்மா, இது உங்களுக்கும்தான்.

மன்னிப்பதற்கு ஒரு மனது போதும். நம்புவதற்கு அவர் நடந்துகொள்வதையும் பார்க்க வேண்டும்.

---

ஓய்வுபெற்ற டீச்சர்:

மகளைப் பற்றி யாரும் பேசவில்லையே. சொத்தை அழித்துவிட்டு வீடு திரும்பிய இளைய குமாரன் கதையை எல்லாரும் பிரசங்கிக்கிறோம், தம்பிக்கு விருந்து வைத்ததில் கோபப்பட்ட மூத்தவனைத் திட்டிவிட்டு முடித்துவிடுகிறோம். வசனத்தை வாசியுங்கள். மூத்தவன் உள்ளே வர மனதில்லாமல் நின்றபோது தகப்பன் வெளியே வந்து அவனை வருந்தி அழைத்தான். உள்ளிருந்து அதட்டவில்லை. அவன் கடைசியில் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவே இல்லை. அவள் தண்ணீர் குடிக்கப் போகட்டும், கண்டிக்காதீர்கள். கொஞ்ச நாள் அவர் ஜெபிப்பதை விட்டு, சங்கீதம் மட்டும் வாசிக்கலாம்.

---

தேரிக்காட்டு மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

நோட்டைக் கொடுத்த அன்று கோபப்பட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். நான்காம் நாள் சின்னவனின் பென்சிலை வாங்கி எழுத ஆரம்பித்தார். மொத்தம் பதினான்கு வரி வந்தது. முதல் வரி தையல் மிஷின். மூத்தவளின் சைக்கிள் ஆறாவது வரி. அதை விற்றது அவர் என்று அவளுக்கு இதுவரை தெரியாது, திருட்டுப் போனது என்றே நம்பியிருந்தாள். அவரே அவளிடம் சொன்னார். ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய்விட்டாள். ஜெபத்துக்கு இப்போதும் எழுந்துதான் போகிறாள்.

ஒன்பதாவது வரியில், மகளிர் குழுவில் இருக்கும் ஒரு அக்காவின் பெயரும் எட்டாயிரம் ரூபாயும். வாராவாரம் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவர். சாட்சி அன்றைக்கு என் கையைப் பிடித்து அழுதாரே, அவர்தான். இத்தனை வருடம் என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. நாளைக்கு அவர் வீட்டுக்கு இரண்டு பேரும் போகிறோம். முதல் தவணைப் பணத்தை பீரோவிலிருந்து எடுத்து வைத்திருக்கிறேன். சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.