கிரியோலில் சொல்லும் எண்களைக் குரல் பொறி தப்பாக எடுக்கிறது, உதவி தேவை

ரோஸ்ஹில்வாசி:
வணக்கம். மொரிஷியஸில், எபென் சைபர்சிட்டியில் வேலை. வாடிக்கையாளர் சேவைக்காக, அழைப்பவரோடு தானாகப் பேசும் குரல் பொறி ஒன்றை எங்கள் குழு அமைக்கிறது. பேச்சை எழுத்தாக்கும் பேச்சறிதல் மாதிரி பிரான்ஸ் நாட்டுப் பிரெஞ்சுக்கானது. எதற்காக அழைக்கிறார்கள் என்பதைக் கிரியோலில், அதாவது பிரெஞ்சிலிருந்து கிளைத்த எங்கள் ஊர்ப் பேச்சுமொழியில், சொன்னாலும் ஓரளவு பிடித்துக்கொள்கிறது. மொபைல் எண் கேட்கும்போதுதான் சிக்கல். பலர் இரண்டிரண்டு இலக்கமாகச் சேர்த்துச் சொல்கிறார்கள். 94 என்றால் 'கத்ரொவேன் கத்தோர்ஸ்', அதாவது எண்பதும் பதினான்கும். அது 80, 14 என்றோ 4, 20, 14 என்றோ பதிவாகி, இலக்கம் கூடிப்போய் எண் செல்லாது என்று வருகிறது. பெரியவர்கள் காகிதத்தைப் பார்த்து நிறுத்தி நிறுத்திப் படித்தால் பாதியிலேயே அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறது. அவர்கள் மனம் நொந்து போனை வைத்துவிடுகிறார்கள். என்ன செய்யலாம்?

டர்பன் தமிழன்:
இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். பாதியில் தாவுவது, பேச்சு முடிந்தது என்று தீர்மானிக்கும் மௌன நேரம் குறைவாக இருப்பதால். ஆமாம், இல்லை பதிலுக்கு அரை விநாடி போதும். எண் கேட்கும் இடத்தில் மட்டும் இரண்டு விநாடியாவது வையுங்கள். அந்த இடத்திலேயே விசைப்பலகையில் அழுத்தவும் வழி கொடுங்கள். இங்கே தென்னாப்பிரிக்காவில் ஜூலு பேசுபவர்களில் பலர் எண்ணை மட்டும் ஆங்கிலத்தில் சொல்வார்கள். ஒரே மொழி மாதிரியை நம்பினால் எங்களுக்கும் இதே அவதிதான்.

ஒலிப்பொறியாளர்:
மாதிரி தரும் முதல் விடையை மட்டும் எடுக்காதீர்கள். மாற்று விடைகளையும் வாங்கி விதியால் சலியுங்கள். 4, 20 அடுத்தடுத்து வந்தால் 80 ஆக்கிப் பாருங்கள். 60க்கோ 80க்கோ பிறகு 10 முதல் 19 வரை வந்தால் கூட்டிப் பாருங்கள். உங்கள் ஊரில் 2013இல் மொபைல் எண்களுக்கு முன்னால் 5 சேர்த்து எட்டு இலக்கம் ஆக்கினார்கள் அல்லவா? எட்டு இலக்கம் வரும் வடிவத்தை மட்டும் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் பட்டியலோடு ஒப்பிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லி, சரியா என்று கேளுங்கள். இரண்டு முறை தவறினால் ஆளிடம் மாற்றிவிடுவதுதான் மரியாதை.

இன்னொன்று. சாதாரணத் தொலைபேசி இணைப்பில் 3400 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலும் எதுவும் வராது. 'ஸ்' ஒலியின் வலு பெரும்பாலும் அதற்கு மேலேதான். 'சிஸ்' (6), 'திஸ்' (10) குழம்ப அதுவும் காரணமாகலாம். 8 கிலோஹெர்ட்ஸ் வீதத்தில் பதிவாகும் தொலைபேசி ஒலிக்கென்றே பயிற்றிய மாதிரி இருந்தால் அதற்கு மாறுங்கள்.

ரோஸ்ஹில்வாசி:
மிக்க நன்றி அண்ணா. மௌன நேரத்தைக் கூட்டியதும் பெரியவர்கள் முழு எண்ணையும் சொல்லி முடிக்கிறார்கள். 80, 14 விதியும் வேலை செய்கிறது. 'சிஸ்', 'திஸ்' குழப்பம் இன்னும் இருக்கிறது. எங்கள் அழைப்புப் பதிவுகளை வைத்தே மாதிரியைப் பயிற்றலாமா?

ஒலிப்பொறியாளர்:
பயிற்றலாம், நல்ல பலன் தரும். ஆனால் உங்கள் ஊர் 2017 தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கும் பொருந்தும். முதலில் சட்டப் பிரிவிடம் கேட்டுவிடுங்கள்.