பிள்ளைகளைச் சந்தையில் கடை போட வைக்கலாமா?

காவேரிப்பட்டணத்து அக்கா:
எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் கோயில் திண்ணையில் காசுக் கணக்கு சொல்லித் தருகிறோம். மே மாதம் ஆளுக்கு 200 ரூபாய் கொடுத்து, போச்சம்பள்ளிச் சந்தையில் விற்கவிடலாம் என்று யோசனை. எதை விற்கலாம்?

தோப்புக்காரர்:
மாங்காய்தான், வேறென்ன! ஆனால் பெங்களூரா ரக மாங்காயை அப்படியே கூறு கட்டாதீங்க அக்கா. அது மாம்பழக்கூழ் ஆலைக்குப் போகிற காய், சந்தையில் விலை படியாது. கீறி உப்பு, மிளகாய்த்தூள் தூவிக் கொடுங்கள், நின்று வாங்குவார்கள். தூள், காகிதம், பஸ் காசு எல்லாமே செலவில் வரணும். என் பேத்தி பஸ் காசை விட்டுவிட்டு "லாபம் தாத்தா!" என்று குதித்தாள். நோட்டைப் பார்த்தால் கைக்காசு போயிருக்கிறது.

குழு அம்மா, தருமபுரி:
200 ரூபாயைச் சும்மா கொடுக்காதீங்க, கடனாகக் கொடுங்க. தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் 1989இல் தொடங்கியதே அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். உங்கள் தெருவிலும் குழு இருக்கும். அந்த அம்மாக்களையே வரவு செலவு எழுதக் கற்றுத்தரச் சொல்லுங்கள். வாத்தியாரைவிடக் கறாராக இருப்பார்கள்.

தோப்புக்காரர்:
அதுவும் சரிதான். அப்புறம், 10 வயது தாண்டிய பிள்ளை தபால் நிலையத்தில் தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். ஆரம்பத்தில் 500 ரூபாய் கட்டணும்.

காவேரிப்பட்டணத்து அக்கா:
கடன் யோசனை பிடித்திருக்கிறது. வட்டி போடலாமா, குழு அம்மா?