வயசான இரண்டு நாய்கள் இருக்கும் வீட்டில் பூனைக்குட்டி: எப்படிப் பழக்குவது?

தொரப்பாடி மணிவீடு:

எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிறு காலை நேதாஜி மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போனேன். வெங்காய மூட்டைகளின் இடுக்கில் ஒரு பூனைக்குட்டி கத்திக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக அங்கேயே கிடக்கிறது, தாய் வரவில்லை என்றார் கடைக்காரர். இரண்டு கண்ணிலும் பீளை, உடம்பெல்லாம் எலும்பு, வயிறு மட்டும் உப்பியிருந்தது. விட்டுவர மனசில்லை, மஞ்சப்பையில் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். டாக்டர் பார்த்துவிட்டு ஐந்தாறு வாரக் குட்டி என்றார். எடை 480 கிராம். கண்ணுக்குச் சொட்டு மருந்தும் குடற்புழு மருந்தும் கொடுத்திருக்கிறார்.

வீட்டில் ஏற்கனவே இரண்டு பேர். மணி நாட்டு நாய், 12 வயது. காது கேட்காது, இடது கண்ணில் புரை, பின்னங்கால் மூட்டு வலியால் எழுந்திருக்கவே நேரம் பிடிக்கும். ராணி சிப்பிப்பாறை கலப்பு, 9 வயது. ஓட்டம் குறைந்துவிட்டது. ஆனாலும் மதில் மேல் அணிலைப் பார்த்தால் இன்றைக்கும் அப்படியே விறைத்து நிற்பாள்.

மாடி ரூம் சிமெண்ட் ஷீட் போட்டது, இந்தக் கத்திரி வெயிலில் அங்கே எந்த உயிரையும் வைக்க முடியாது. அதனால் குட்டியை அப்பா ரூமில் வைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறேன். மணியைக் கொண்டுவந்ததே அப்பாதான். அவர் போன பிறகும் அந்தக் கட்டிலுக்கு அடியில்தான் அவன் படுப்பான். இப்போது நான்கு நாளாகக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறான், சோற்றைப் பாதியில் விட்டுவிடுகிறான். ராணி கதவிடுக்கில் மூக்கை வைத்தால் பத்து நிமிஷம் அசையாமல் நிற்கிறாள். அது ஆசையா, வேட்டையா? எனக்குத் தெரியவில்லை. பழக்கியவர்கள் சொல்லுங்கள்.

குடியாத்தத்திலிருந்து:

அக்கா, இன்றைக்கே மணிக்கு அப்பா ரூமைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். வயசான நாய்க்குப் படுக்கும் இடம் பறிபோவது பெரிய விஷயம், அதுவும் கண்ணும் காதும் மங்கியவனுக்கு. குட்டியை உங்கள் படுக்கையறைக்கு மாற்றுங்கள். அந்த வயசுக்கு ஒரு மூலை, ஒரு அட்டைப்பெட்டி, மண் போட்ட பிளாஸ்டிக் தட்டு இருந்தால் போதும்.

இரண்டு வாரம் முகத்தோடு முகம் காட்ட வேண்டாம். மார்க்கெட்டில் கிடந்த குட்டி என்ன நோயோடு வந்திருக்கிறது என்று அதற்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். வாந்தி, பேதி, சோர்வு என்று எது வந்தாலும் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். தோலில் வட்டமாக முடி கொட்டினால் படர்தாமரையாக இருக்கலாம், அது நாய்க்கும் வரும், நமக்கும் வரும். மாட்டுப்பால் வேண்டாம், வயிற்றால் போகும். முள் எடுத்த மீனோ கோழியோ உப்பு, காரம் இல்லாமல் வேகவைத்து மசித்துக் கொடுங்கள், கூடவே குட்டிப் பூனைக்கான தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்தும் கொடுக்கலாம்.

இந்த இரண்டு வாரமும் வாசனைப் பழக்கம்தான். குட்டி படுத்த துணியை நாய்களின் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் போடுங்கள், நாய்களின் துணியைக் குட்டியிடம் போடுங்கள். அது பழகியதும் கொசுவலைக் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்துச் சாப்பாடு.

ராணி விஷயத்தில் கண்ணை விட உடம்பைப் பாருங்கள். உடம்பு தளர்ந்து, வால் லேசாக ஆடி, பேர் சொன்னதும் உங்கள் பக்கம் திரும்பினால் அது வெறும் ஆர்வம். வாயை மூடி, கழுத்தைத் தாழ்த்தி, கூப்பிட்டாலும் திரும்பாமல் நின்றால் அது வேட்டை. அப்போது திட்டாதீர்கள். குட்டியைப் பார்த்தாலே அடி விழுகிறது என்று மனசில் பதிந்துவிடும். பெல்ட்டைப் பிடித்தபடி மெதுவாகத் தள்ளி அழைத்துப் போங்கள், பேரைச் சொன்னதும் திரும்பும் தூரத்தில் கோழித் துண்டு கொடுங்கள். பீரோ மேலேயோ அலமாரித் தட்டிலேயோ குட்டி ஏறிக்கொள்ள ஒரு இடம் வேண்டும்.

மணியிடம் வேறு பயம். அவன் தூங்கும்போது குட்டி முதுகில் ஏறினால் வலியில் திடுக்கிட்டுக் கடித்துவிடுவான். அது அவன் குற்றம் இல்லை. குட்டி கழுத்தில் மணி கட்டினாலும் அவனுக்குக் கேட்காது. மூட்டு வலிக்கு டாக்டரிடம் மருந்து கேளுங்கள். நாம் போடும் வலி மாத்திரையை மட்டும் மணிக்கும் கொடுக்க வேண்டாம், குட்டிக்கும் கொடுக்க வேண்டாம். பாராசிட்டமால் பூனைக்கு விஷம்.

ராணிப்பேட்டையிலிருந்து:

ஒன்று மட்டும் சொல்கிறேன், தயவுசெய்து மறக்காதீர்கள். நாய்களுக்கு உண்ணிக்காகக் கழுத்தில் சொட்டு விடுகிறீர்களா? அதில் பெர்மெத்ரின் இருக்கிறதா என்று பாருங்கள். நாய்க்கு ஒன்றும் செய்யாது, பூனையைக் கொன்றுவிடும். எங்கள் வீட்டில் ஒரு சாயங்காலம் நாய்க்குச் சொட்டு விட்டோம். பூனை எப்போதும்போல அதன் கழுத்தை ஒட்டிப் படுத்தது. விடியும்போது உடம்பெல்லாம் உதறல், வலிப்பு. மத்தியானத்துக்குள் போய்விட்டது. மருந்து விற்ற கடையில் வீட்டில் பூனை உண்டா என்று கேட்கவில்லை, பெட்டியில் பொடி எழுத்தில் எழுதியிருந்ததை நாங்களும் படிக்கவில்லை. நான்கு வருஷம் ஆகிறது, அந்தப் பூனைக்கு வாரிவிட்ட மரச்சீப்பை இன்னும் எடுத்துப் போடவில்லை. இரண்டுக்கும் ஆகிற மருந்து இருக்கிறது, டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

வாலாஜாவிலிருந்து:

தங்கச்சி, சிப்பிப்பாறை முயல் துரத்திய ஜாதி. ஓடுகிற சின்ன உயிரைக் கண்டால் அதன் கால் தானாக எழும்பும். நான் மூன்று மாதம் பார்த்தேன், முடியவில்லை, குட்டியை நாய் இல்லாத ஒரு வீட்டில் கொடுத்தேன். அங்கே நன்றாக இருக்கிறது. உங்களாலும் முடியாமல் போனால் மனசு உடைய வேண்டாம். நாய்களின் வெறிநோய் ஊசி தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். குட்டிக்கு எட்டு வாரத்துக்குப் பிறகு முதல் தடுப்பூசி, வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில். குட்டியின் பல்லோ நகமோ பட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தொரப்பாடி மணிவீடு:

மூன்று வாரம் ஆகிறது. ராணிப்பேட்டை அக்கா, படித்த அன்றைக்கே டப்பாவை எடுத்துப் பார்த்தேன். அதே மருந்துதான். தூக்கிப் போட்டுவிட்டேன்.

அப்பா ரூமைத் திறந்துவிட்ட ராத்திரி மணி நேராகக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தான். மறுநாள் சோறு முழுக்கச் சாப்பிட்டான். முந்தாநாள் முதல் தடவையாக, அவன் விழித்திருக்கும்போது, குட்டியை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். மோந்து பார்த்தான், ஒரு தரம் நக்கினான், தலையைத் தரையில் வைத்துக்கொண்டான். ஆனால் அவன் தூங்கும் நேரத்தில் அந்த ரூம் குட்டிக்குக் கிடையாது.

ராணி வலைக்கு அந்தப் பக்கம் படுத்துச் சாப்பிடுகிறாள், பேர் சொன்னால் திரும்புகிறாள். குட்டி ஓடினால் மட்டும் திரும்புவதில்லை. பெல்ட்டைக் கழற்றவில்லை. வாலாஜா அண்ணன் சொன்ன மூன்று மாதம் வரை பார்க்கிறேன். குட்டி இப்போது 790 கிராம், நாளைக்கு முதல் ஊசி.