உதவி தேவை: ரோல் போட்டு ஸ்பெல் விடும் ஹவுஸ் ரூல், ஐந்தாம் லெவலில் ஆட்டத்தையே கவிழ்க்கிறது

குகைக்காவலன்:
வணக்கம் மக்களே. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற ரோல்பிளே ஆட்டத்தை 1981 பேசிக்/எக்ஸ்பர்ட் விதிகளில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். ஆரம்பத்தில் எல்லா டேபிளிலும் வரும் அதே புகார்தான் வந்தது: மேஜிக்-யூசருக்கு (மந்திரவாதிக்கு) ஒன்றாம் லெவலில், காலையில் மனப்பாடம் செய்து ஒருமுறை போட்டால் மறந்துபோகும் ஒரே ஒரு ஸ்பெல், ஹெச்பிக்கு (உயிர்ப் புள்ளிக்கு) ஒரு டி4, அதாவது நான்கு முக டைஸ், கையில் ஒரு கத்தி, எதிரிகளைத் தூங்கவைக்கும் ஸ்லீப்பைப் போட்டு முடித்த பிறகு அதை ஆடும் பையன் மிச்ச நேரமெல்லாம் மொபைலை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சரி என்று ஒரு ரூல் கொண்டுவந்தேன். ஸ்பெல் போடும்போது டி20 (இருபது முக டைஸ்) உருட்டு, போடுபவரின் லெவலையும் இன்டெலிஜென்ஸ் போனஸையும் கூட்டு, 10-உடன் அந்த ஸ்பெல்லின் லெவலைச் சேர்த்தால் வரும் எண்ணை எட்டினால் ஸ்பெல் வேலை செய்யும், மனதிலும் அப்படியே இருக்கும். எட்டவில்லை என்றால் நாளைக் காலை வரை அந்த ஸ்பெல் போச்சு. 1 விழுந்தால் போட்டவருக்கே டி4 அடி.

முதல் இரண்டு லெவல் அருமையாகப் போனது. இப்போது ஐந்தாம் லெவல். நெருப்புக் குண்டு வீசும் ஃபயர்பால் ஸ்பெல் கிடைத்ததிலிருந்து, ஃபைட்டராக (போர்வீரனாக) ஆடுபவர் "நான் எதுக்கு வரணும், டார்ச் பிடிக்கவா?" என்று கேட்கிறார், நியாயமான கேள்விதான். எட்ட வேண்டிய எண்ணை 3 கூட்டிப் பார்த்தேன், ஐந்தாம் லெவல்காரனுக்கு அது உறைக்கவே இல்லை, புதிதாக ஒன்றாம் லெவலில் சேர்ந்தவருக்கோ பாதிக்குப் பாதி புஸ்ஸென்று போனது. ஒவ்வொரு ஸ்பெல்லுக்கும் புள்ளி கழிக்கும் மானா பாயின்ட் மாதிரி எதுவும் வேண்டாம், பேப்பரில் அழித்து அழித்து எழுதும் வேலை எனக்கு ஒத்துவராது. பழையபடி ஒரே ஸ்பெல்லுக்கும் திரும்ப முடியாது, பையன் அழுதுவிடுவான். என்ன செய்யலாம்?

பத்தடிக்கம்பு:
யோசனை சொல்வதற்கு முன்னால் மூன்று கேள்வி. ஒரே ஸ்பெல்லை இரண்டு முறை மனப்பாடம் செய்ய விடுகிறீர்களா? யார் முதலில் என்று தீர்மானிக்கும் இனிஷியேட்டிவ் உருட்டுவதற்கு முன்பே எந்த ஸ்பெல் என்று சொல்லச் சொல்கிறீர்களா? இரண்டு டர்னுக்கு ஒருமுறை ஆறில் ஒன்று என்று வாண்டரிங் மான்ஸ்டர் செக் (சுற்றித் திரியும் எதிரி வருகிறதா என்ற ரோல்) போடுகிறீர்களா, இல்லை அதுவும் காற்றில் போய்விட்டதா?

குகைக்காவலன்:
செக் போடுகிறேன். முன்கூட்டியே சொல்லும் விதியை எடுத்துவிட்டேன், சண்டை இழுத்துக்கொண்டே போனது. இரண்டு முறை மனப்பாடம் புத்தகத்திலேயே உண்டுதானே, அதனால் விட்டிருக்கிறேன். பையனுடைய முதல் லெவல் ஸ்பெல் இரண்டுமே ஸ்லீப்.

டி4தான்வாழ்க்கை:
இரண்டு ஸ்லீப்பா, நாசமாப் போச்சு. கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். இன்டெலிஜென்ஸ் 16, அதாவது +2 என்று வைத்துக்கொள்வோம். ஒன்றாம் லெவலில் மொத்தம் +3, எட்ட வேண்டியது 11, ஆக டைஸில் 8 வந்தால் போதும், 65% வாய்ப்பு. ஸ்பெல் தொலைவதற்குள் சராசரியாக இரண்டு முறைக்குக் கொஞ்சம் குறைவாக வேலை செய்யும். நீங்கள் நினைத்ததும் அவ்வளவுதான், அதனால்தான் அப்போது நன்றாக ஓடியது. ஐந்தாம் லெவலில் +7, டைஸில் 4 வந்தாலே போதும், 85%. சராசரி ஐந்தரையைத் தாண்டிவிடும். அதே ஸ்லீப்பை இரண்டு இடத்தில் வைத்திருப்பவனுக்கு நாளொன்றுக்குப் பதினொன்று. மூன்றாம் லெவல் ஸ்பெல்லான ஃபயர்பாலுக்கு 75%, சராசரி மூன்று முறை, ஒவ்வொன்றும் 5டி6, அதாவது ஐந்து ஆறு-முக டைஸ் அடி. புத்தகப்படி அந்த லெவலில் அவனுக்கு முதல், இரண்டாம், மூன்றாம் லெவல் ஸ்பெல் 2, 2, 1 என மொத்தம் ஐந்து ஸ்பெல்தான், அதில் ஃபயர்பால் ஒரே ஒரு தடவை. லெவல் ஏறினால் ஸ்பெல் எண்ணிக்கை கூடுகிறது, ஸ்பெல்லின் பலமும் கூடுகிறது, நீங்கள் மூன்றாவதாக நிலைக்கும் வாய்ப்பையும் கூட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். அதில்தான் கோளாறு. எண்ணை 3 கூட்டினால் இது சரியாகாது, ரோலில் இருந்து லெவலைத் தூக்க வேண்டும்.

நான் ஓட்டுவது இப்படி: ஸ்பெல் எப்போதும் வேலை செய்யும், அதற்கு ரோல் கிடையாது. போட்ட பிறகு ஒரு டி6, 5 அல்லது 6 விழுந்தால் மனதில் தங்கும், இல்லாவிட்டால் போய்விடும். சராசரி ஒன்றரை முறை, எந்த லெவலானாலும் அதேதான். மூன்றாவது தடவை போட ஒன்பதில் ஒரு வாய்ப்பு, அது நடக்கும் அன்று டேபிளே எழுந்து நின்று கத்தும். ஒரே ஸ்பெல் இரண்டு முறை கிடையாது, தங்குவதற்கு வாய்ப்பு கொடுத்த பிறகு அது எதற்கு.

பிளவுக்கோல்:
டிசிசி (டன்ஜன் க்ரால் கிளாசிக்ஸ்) ஆட்டத்தில் இருந்து பாதியை மட்டும் எடுத்து வந்த மாதிரி இருக்கிறது. 2012-இல் வந்த அந்த ஆட்டத்திலும் டி20 + லெவல் + இன்டெலிஜென்ஸ்தான், ஆனால் எட்ட வேண்டியது 10-உடன் ஸ்பெல் லெவலின் இரண்டு மடங்கு, 1 விழுந்தால் உடம்பே கோணிக்கொள்ளும் கரப்ஷன் வரலாம், ஸ்பெல்லுக்கு ஸ்பெல் தனி அட்டவணை. விலையை அங்கேயே விட்டுவிட்டு ரோலை மட்டும் கொண்டுவந்தால் இலவச விருந்துதான். டி4 அடி எல்லாம் ஒரு விலையா? பேசாமல் மேஜிக் டைஸ் முறைக்கு மாறுங்கள்: கையில் சில டி6, எத்தனை வேண்டுமோ அத்தனை உருட்டு, 1 முதல் 3 வந்த டைஸ் கையில் தங்கும், 4-க்கு மேல் வந்தது அன்றைக்குத் தீர்ந்தது, ஜோடி விழுந்தால் விபரீதம். எழுத ஒன்றுமே இல்லை.

குகைக்காவலன்:
மேஜிக் டைஸ் எனக்கும் பிடிக்கும், ஆனால் ஸ்பெல் எல்லாவற்றையும் திருத்தி எழுத வேண்டும், நடுக்கதையில் அந்த வேலை வேண்டாம். டி6 யோசனை நன்றாக இருக்கிறது. ஸ்லீப்புக்கு சேவிங் த்ரோ (எதிரி தப்பிக்க உருட்டும் ரோல்) சேர்க்கலாமா என்றும் ஒரு எண்ணம்.

பத்தடிக்கம்பு:
சேர்க்காதீர்கள் பாஸ். 2டி8 ஹிட் டைஸ் (எதிரிகளின் பலத்தை அளக்கும் எண்) அளவுக்குத் தூங்கும், சேவ் கிடையாது என்று அவ்வளவு தாராளமாக எழுதியதற்குக் காரணமே நாளுக்கு ஒருமுறை என்பதுதான். அதற்கும் சேவ் வைத்தால், இருக்கும் ஒரே ஆயுதத்தின் முனையை மழுக்குகிற மாதிரி. அதற்குப் பதில் நீங்கள் தூக்கிய விதியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். எக்ஸ்பர்ட் புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது: இனிஷியேட்டிவுக்கு முன்பே ஸ்பெல்லைச் சொல்ல வேண்டும், இனிஷியேட்டிவில் தோற்று அடி வாங்கினால் அல்லது சேவில் தோற்றால் ஸ்பெல் கலைந்து போய்விடும். இரு தரப்பும் ஆளுக்கொரு டி6 உருட்டினால் தோற்க சுமார் 42% வாய்ப்பு. சண்டை இழுக்காமல் இருக்க ஒரு வழி: ஸ்பெல் போடுபவர் மட்டும் சொன்னால் போதும், மற்றவர்கள் வாயே திறக்க வேண்டாம். எதிரில் வில்லோடு நிற்கும் ஓர்க் யாரைக் குறிவைப்பான்? கையை ஆட்டி முணுமுணுக்கிறவனைத்தான். அப்போதுதான் ஃபைட்டர் முன்னால் நின்று மறைக்க ஒரு வேலை கிடைக்கும், டார்ச் பிடிக்க வேண்டியதில்லை.

எண்ணெய்க்குப்பி:
ஒன்றாம் லெவல் ஆளுக்கு ரூல் மாற்றத்தைவிடப் பணம் செலவழிக்க வழி கொடுப்பது மேல் என்று நினைக்கிறேன். 1977 பேசிக்கில் ஒன்றாம் லெவல் மேஜிக்-யூசரே ஸ்க்ரோல் (ஒருமுறை படித்து ஸ்பெல் போடும் சுருள்) எழுதலாம், முதல் லெவல் ஸ்பெல்லுக்கு 100 தங்கக் காசு, ஒரு வாரம். பின்னால் வந்த 1981 புத்தகத்தில் அந்த வசதி இல்லாமல் போனது எனக்கு இன்றைக்கும் கடுப்பு. அதை அப்படியே ஒட்டிக்கொள்ளுங்கள். டன்ஜனில் கிடைக்கும் காசுக்கு வேலை, நாட்காட்டியும் நகரும், இரண்டு ஸ்க்ரோல் மடியில் இருந்தால் பையன் மொபைலை எடுக்க மாட்டான். அப்புறம் எண்ணெய்! குப்பி 2 காசு, பற்ற வைத்து எறிந்தால் டி8, அடுத்த ரவுண்டும் எரியும். எறிவது ஆயுதமா இல்லையா என்று சண்டைக்கு வருபவர்கள் வரட்டும், என் டேபிளில் மேஜிக்-யூசர் எறியலாம்.

குகைக்காவலன்:
சரி, டி6-க்கு 5 அல்லது 6, இரட்டை மனப்பாடம் ரத்து, முன்கூட்டியே சொல்வது ஸ்பெல்காரருக்கு மட்டும், 100 காசு ஸ்க்ரோல். ஸ்க்ரோலுக்கு டி6 கிடையாது என்று வைக்கிறேன், படித்தால் எழுத்து போச்சு. ஃபைட்டர்காரரிடம் சொன்னேன், அவருக்கு ஓகே. பையன் மட்டும் வக்கீல் மாதிரி ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறான்: ஆளை வசியம் செய்யும் சார்ம் பெர்சனுக்கும் டி6 உண்டா?

டி4தான்வாழ்க்கை:
பையன் விவரமானவன். கொடுக்காதீர்கள். அது நாள் கணக்கில், மந்தமான ஆள் சிக்கினால் மாதக் கணக்கில் நீடிக்கும், தங்கும் ரோலும் கொடுத்தால் ஊரில் பாதிப் பேர் அவன் பின்னால் நடப்பார்கள். ஒரு நாளுக்கு மேல் நீடிக்கும் எந்த ஸ்பெல்லுக்கும் தங்கும் ரோல் இல்லை, போட்டால் போனதுதான் என்று இன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.