திருகோணமலை பெயர் தாங்கிய போர்க்கப்பல்: பழைய வரைபடத்தில் அளவு இடிக்கிறது

மரத்தூள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இதுவரை பெட்டியில் வரும் கிட் மாதிரிக் கப்பல்களைத்தான் ஒட்டிக்கொண்டிருந்தேன். இந்த முறை கிட் வேண்டாம், வரைபடத்தை வைத்து முழுக்க நானே வெட்டிச் செய்வோம் என்று பிரிட்டிஷ் போர்க்கப்பல் எச்.எம்.எஸ். டிரிங்கமாலியை எடுத்திருக்கிறேன். நம்ம திருகோணமலையின் பெயர், பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817இல் நீரில் இறக்கிய கப்பல், இன்றைக்கும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது, விட மனசு வரவில்லை.

இது லீடா வகைக் கப்பல், அந்த வகைக்கு அட்மிரால்ட்டி (பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை) போட்ட வரைபடத்தின் ஸ்கேன் கையில் இருக்கிறது. 1:48க்கு, அதாவது அசலில் 48இல் ஒரு பங்காக, அச்சடித்து அளந்தால் நீளம் சரியாக வருகிறது, உயரம் ஒரு விழுக்காடு போலக் குறைகிறது. அதைவிடக் குழப்பம், பாடி பிளானில் (கப்பலின் குறுக்குவெட்டுகளைக் காட்டும் படம்) அகலத்தை அளந்தால் மூலையில் எழுதியிருக்கும் அகலத்தைவிட அசல் கணக்கில் அரை அடிக்கு மேல் குறைவு. எதை நம்பி பல்க்ஹெட் (உடம்புக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டம்) வெட்டுவது?

இன்னொன்று, அசல் கப்பல் தேக்கு என்பதால் தேக்கிலேயே செய்ய ஆசை. இங்கே சிங்கப்பூரில் சுங்கை காடுட் பக்கம் துண்டுப் பலகை வாங்கலாம் என்று இருக்கிறேன். சரிவருமா?

அங்மோகியோ அண்ணாச்சி எழுதியது:

தம்பி, வெட்டாமல் கேட்டீர்களே, நல்லது. உங்களுக்கு இரண்டு வேறு சிக்கல், ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

உயரம் குறைவது காகிதம். இருநூறு வருடக் காகிதம் நீளவாக்கில் ஒரு மாதிரியும் அகலவாக்கில் ஒரு மாதிரியும் சுருங்கும், ஸ்கேனும் தன் பங்குக்கு இழுக்கும். அதனால் ஒரே விழுக்காட்டில் பெரிதாக்கக் கூடாது, கணினியில் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக நீட்டித் திருத்துங்கள். அளந்த கோடும் எழுதிய எண்ணும் மோதினால் எழுதிய எண்ணுக்குத்தான் முதல் மரியாதை.

ஆனால் அகலத்துக்கு அந்த விதியை அப்படியே போடக் கூடாது. மூலையில் இருப்பது வெளிப்பலகையும் சேர்ந்த அகலம், சுமார் 40 அடி. பாடி பிளானில் வரைந்திருப்பது விலாச் சட்டங்களின் வெளிவிளிம்பு மட்டும், பலகை அதற்கு மேல் வரும். இரண்டு பக்கப் பலகையின் கனத்தையும் கூட்டிப் பாருங்கள், உங்கள் அரை அடி கிடைத்துவிடும். 1:48இல் அரை அடி என்றால் மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அதைத் ‘திருத்துகிறேன்’ என்று பாடி பிளானை இழுத்தால் கப்பல் குண்டாகிவிடும். நீங்கள் இரண்டடுக்குப் பலகை ஒட்டுவதாக இருந்தால் உள்ளடுக்கின் கனத்தை பல்க்ஹெட் ஓரத்தில் கழித்து வெட்டுங்கள்.

திருத்தியபின் நேரே ரம்பத்தை எடுக்க வேண்டாம். பாடி பிளானில் வலப்பாதி கப்பலின் முன்பக்கம், இடப்பாதி பின்பக்கம். குறுக்குவெட்டு எடுத்த இடங்களைக் காட்டும் ஸ்டேஷன் கோடுகளில் நடுவிலிருந்து முன்னால் எழுத்து, பின்னால் எண். ஒரு ஸ்டேஷனில் ஒரு நீர்மட்டக் கோட்டின் அகலத்தைப் பாடி பிளானில் எடுத்து, அதே இடத்தை ஹாஃப் பிரெட்த் பிளானில் (மேலிருந்து பார்த்த பாதி அகலப் படம்) அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெல்லிய மரப்பட்டியைப் புள்ளிகள் வழியே வளைத்து, எந்தப் புள்ளி துருத்துகிறதோ அதை நகர்த்துங்கள். சலிப்பான வேலைதான். இதைத் தவிர்த்தவர்கள் பிற்பாடு பலகை ஒட்டும்போது மேடுபள்ளத்தை மறைக்க ஒரு டின் புட்டிப் பூச்சை அப்புவார்கள்.

பாய்மரம் எழுதியது:

அண்ணாச்சி சொன்னது சரி, நான் ஒன்று சேர்க்கிறேன். எந்த வருடத்துக் கப்பலைச் செய்கிறீர்கள் என்று முதலில் முடிவு பண்ணுங்கள். 1840களில் இதைக் கார்வெட்டாக (சிறிய வகைப் போர்க்கப்பல்) மாற்றியபோது பீரங்கிகளைக் குறைத்துப் பின்பகுதியையும் திருத்திக் கட்டினார்கள். இன்றைய படங்களைப் பார்த்துப் பின்பக்க ஜன்னல்களைச் செய்தால் உங்கள் வரைபடத்தோடு ஒட்டவே ஒட்டாது.

அந்த வரைபடத்துக்கே ஒரு கதை உண்டு தெரியுமா? லீடா வகையே 1782இல் பிடிபட்ட ஹெபே என்ற பிரெஞ்சுக் கப்பலைப் பார்த்துப் போட்டது. பம்பாய்க்கு அனுப்பிய வரைபடம் எச்.எம்.எஸ். ஜாவாவில் போனது, 1812 டிசம்பரில் பிரேசில் பக்கம் அமெரிக்கக் கப்பல் கான்ஸ்டிடியூஷன் அதை அடித்து நொறுக்கிவிட்டது. அப்புறம் இன்னொரு நகல் அனுப்பித்தான் வேலை தொடங்கியது. அட்மிரால்ட்டிக்கே அந்தக் கதி.

தேக்கு வேண்டாம். துளைகள் பெரிது. அரை மில்லிமீட்டர் துளை உங்கள் அளவில் ஓர் அங்குல ஓட்டை மாதிரித் தெரியும், போதாததற்கு எண்ணெய்ப் பசையால் வெள்ளைப் பசை சரியாகப் பிடிக்காது, அசிட்டோனால் துடைத்துத் துடைத்து ஒட்ட வேண்டும். பேரிக்காய் மரம் கிடைத்தால் வாங்குங்கள், விலை கடிக்கும். தேக்கு ஆசைக்கு அடிப்பீடத்தைத் தேக்கில் செய்துவிடுங்கள்.

கேலாங் காத்து எழுதியது:

யாருமே கேட்கவில்லை, வீடு எத்தனை அறை? பீரங்கித் தளமே 150 அடி, 1:48இல் உடம்பு மட்டும் 95 செ.மீ. முன்கம்பு எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை மீட்டர். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் அதற்குக் கண்ணாடிப் பெட்டி வைத்தால் சோபா வெளியே போக வேண்டியதுதான் லா.

முதலில் அரை உடம்பு மாதிரி ஒன்று செய்யுங்களேன். ஜெலுத்தோங் என்ற மென்மரப் பலகையை நீர்மட்டக் கோடுகளின் வடிவத்தில் வெட்டி, அடுக்கி ஒட்டி, படிகளைச் சீவினால் பாதிக் கப்பல் வந்துவிடும், சுவரில் மாட்டலாம். வரைபடத்தில் தப்பு இருந்தால் அங்கேயே கைக்குத் தட்டுப்படும். அந்தக் காலத்துக் கப்பல் கட்டுபவர்களும் இப்படித்தான் வடிவம் பார்த்தார்கள். மரத்தை வாங்கியதும் வெட்டாதீர்கள், சில வாரம் அறையிலேயே கிடக்கட்டும். பகலில் ஜன்னல் திறந்து இரவில் ஏர்கான் போடும் வீடென்றால் பலகை அகலவாக்கில் ஊதிச் சுருங்கிக்கொண்டே இருக்கும்.

மரத்தூள் எழுதியது:

அண்ணாச்சி, பலகைக் கனத்தைக் கூட்டிப் பார்த்தேன், அகலம் பொருந்துகிறது. நன்றி. 1817 வடிவம், கம்பமும் பாயும் இல்லாமல் உடம்பு மட்டும், அதற்கு முன்னால் 1:96இல் அரை உடம்பு. நாலறை வீடுதான், வீட்டுக்காரம்மா இதைப் படித்துவிட்டுக் கேலாங் காத்துக்குத் தனியாக நன்றி சொல்லச் சொன்னார். ஜெலுத்தோங் அரை அங்குலக் கனத்தில் எங்கே கிடைக்கும்?