தீர்த்தன் ஆற்று ட்ரவுட்: காக்கவேண்டிய மீனா, விருந்தாளி மீனா?

தூண்டில்காரன் (மயூர் விகார்):
தில்லியிலிருந்து இமாசலப் பிரதேசத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்குக்குப் போய்வந்த வைகை அம்மா, அங்குள்ள பழுப்பு ட்ரவுட் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட மீன் என்றும், அதைக் காப்பதில் பொருளில்லை என்றும் சென்ற வாரம் இங்கு எழுதியிருந்தார். அது 1909 வாக்கில் குல்லுவுக்கு வந்த மீன் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் ஓடும் சைஞ்ச் ஆற்றைப் பாருங்கள். 520 மெகாவாட் பார்வதி மூன்றாம் கட்ட நீர்மின் திட்டம் அதன் நீரைச் சுரங்கத்துக்குள் திருப்பிவிட்டது. தீர்த்தனில் நீர்மின் திட்டங்கள் வராமல் தடுக்க முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் திலாராம் ஷபாபும் ஊர் மக்களும் நீதிமன்றம் வரை சென்றபோது, அவர்கள் கையில் இருந்த வலுவான வாதங்களுள் ஒன்று இந்த ட்ரவுட்தான்.

வைகை (ராமகிருஷ்ணாபுரம்):
திட்டங்கள் வராததில் எனக்கும் மகிழ்ச்சியே, ஐயா. ஆயினும் தீர்த்தன் பியாஸ் ஆற்றில் சேரும் லார்ஜியில், சங்கமத்தை ஒட்டியே 126 மெகாவாட் திட்டத்தின் அணை நிற்கிறது. கீழிருந்து மீன் ஏறிவரும் வாசலை அடைத்துவிட்டு, உள்ளே ஆறு தடையின்றி ஓடுகிறது என்கிறோம். அந்த ஆற்றின் சொந்த மீன் குகலி. அது கீழ்நோக்கிய வாயால் பாறைப் பாசியைச் சுரண்டித் தின்னும் சாது. ட்ரவுட்டோ பூச்சிகளோடு சிறுமீன்களையும் விழுங்கும் வேட்டை மீன். அகப்பட்டால் குகலிக் குஞ்சையும் விடாது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிட்டிருப்பது குகலியைத்தான். தீர்த்தன் கரையிலுள்ள குஷைணி ஊரில் நான் தங்கிய விடுதியில் வரவேற்பறைப் படம் முதல் இரவு உணவு வரை எல்லாம் ட்ரவுட். குகலியைப் பற்றிக் கேட்டதற்கு, "அது முள் மீன், உங்களுக்குப் பிடிக்காது" என்று சமையற்காரர் சிரித்தார்.

படிக்கட்டு (கரோல் பாக்):
இருவரும் மீனைப் பற்றியே பேசுகிறீர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ட்ரவுட் பிடிக்கத் தடை இருப்பது, அந்தக் குளிரில் அது கூழாங்கற்களுக்கிடையே முட்டையிடுவதால்தானே? இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பரில், அதே கூழாங்கல் படுகையில் டிராக்டர் இறங்கிக் கல் அள்ளியதைக் கண்ணால் பார்த்தேன். தூண்டிலுக்கு விடுமுறை, மண்வெட்டிக்கு இல்லை.

தூண்டில்காரன்:
அந்தக் காட்சியை நானும் கண்டிருக்கிறேன். என்னோடு வந்த நண்பர்கள் இருவர் பிடித்த மீனை மீண்டும் ஆற்றிலேயே விடுபவர்கள். அதனால் எதிர்முள் இல்லாத கொக்கியைத்தான் பயன்படுத்துவார்கள். கையை ஆற்றில் நனைத்த பிறகே மீனைத் தொடுவார்கள். உலர்ந்த கை பட்டால் அதன் மேலுள்ள வழுவழுப்புப் படலம் உரிந்து, தண்ணீரில் விட்ட மீனுக்கும் நோய் தொற்றும். இவ்வளவு பார்ப்பவர்கள்தான் கல் அள்ளுவதையும் முதலில் கவனிக்கிறார்கள். தூண்டில்காரர்களை விரட்டிவிட்டால் அங்கே காவலுக்கு யார் நிற்பார்?

வைகை:
விரட்டச் சொல்லவில்லை, ஐயா. அங்குள்ள மாபெரும் இமயமலை தேசியப் பூங்காவின் எல்லைக்குள் மீன்பிடிக்க ஏற்கெனவே தடை உள்ளது. எல்லைக்கு வெளியே நீங்கள் பிடிக்கும் ட்ரவுட்டை மீண்டும் ஆற்றில் விடாமல் சமைத்துச் சாப்பிடுங்கள் என்பதே என் வாதம். குகலிக்கு அது போதும்.

தூண்டில்காரன்:
உரிமச்சீட்டு அனுமதிக்கும் அளவுக்குள் என்றால் சம்மதம். மார்ச்சில் போகிறேன், என் நண்பர்கள் இருவரும் இதற்கு ஒப்பமாட்டார்கள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.