தாயக்கட்டையில் நிகழ்தகவு: பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவங்க எழுதுங்க

செல்லூர்:
ஒற்றைப் பகடையில் ஆறு முகத்துக்கும் ஒரே வாய்ப்பு, பிள்ளைகள் சீக்கிரம் சலிச்சிருவாங்க. தாயக்கட்டைதான் சரி. மதுரையில் புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின கடைகளில் கேட்டுப் பாருங்க. ஒரு ஜோடி கட்டை, சாக்பீஸ், எழுபது புளியங்கொட்டை போதும். ஒவ்வொரு கட்டைக்கும் நாலு பக்கம்: வெறுமை (0), 1, 2, 3. இரண்டையும் கூட்டணும், இரண்டும் வெறுமைன்னா 12. தரையில் 1, 2, 3, 4, 5, 6, 12 என்று ஏழு வரிசை. எது நீளும்னு முதலிலேயே ஆளுக்கொன்று பிடிக்கச் சொல்லணும், தாயத்துக்குத்தான் (1) அடிபிடி. 64 தரம் உருட்டி, விழுகிற எண்ணில் ஒரு கொட்டை வைங்க. பெரும்பாலும் 3-தான் நீளும்.

திருமங்கலம்:
அண்ணே, ஏன்னு கேட்கும்போதுதான் சறுக்கும். "வெறுமையும் ஒன்றும் விழுந்தா தாயம், ஒரே வழி" என்பாங்க. ஒரு கட்டையின் முனையில் நகப்பூச்சு ஒரு பொட்டு வைங்க. நூல் சுத்தாதீங்க, உருளுவது கெடும். பொட்டுக்கட்டையில் 0, மற்றதில் 1. பொட்டுக்கட்டையில் 1, மற்றதில் 0. இரண்டு வழி கண்ணுக்கே தெரியும். மொத்தம் 4×4, 16 வழி. 3-க்கு நாலு, 2-க்கும் 4-க்கும் மும்மூணு, தாயத்துக்கும் 5-க்கும் ரெண்டு ரெண்டு, 6-க்கும் 12-க்கும் ஒவ்வொண்ணு. மறு ஆட்டம் தருகிற 1, 5, 6, 12 எல்லாம் சேர்ந்தும் 16-ல் 6தான். விதி வைத்தவர் கணக்குத் தெரிந்த ஆள்தான் போல.
64 தரத்தில் தாயம் 8 வரணும். 5 தரம் வந்தாலும் 11 தரம் வந்தாலும் கட்டையைச் சந்தேகப்படாதீங்க.

மேலூர்:
ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டையில் ஆடுறவங்க கவனிங்க. நாலு கொட்டையை 80 தரம் போட்டால், வெள்ளை விழுவது 0, 1, 2, 3, 4 என்ற வரிசையில் 5, 20, 30, 20, 5 வரணும், இரண்டு பக்கமும் சமம்னா. சமம் கிடையாது. தேய்த்த பக்கம் தட்டை, மறுபக்கம் புடைப்பு, ஒவ்வொரு கொட்டையும் ஒவ்வொரு அளவுக்குத் தேய்ந்திருக்கும். முதலில் ஒரே கொட்டையை 50 தரம் போட்டு வெள்ளையை எண்ணுங்க. கணக்கு எதிலே நிக்குதுன்னு பிள்ளைகளுக்கு அதிலேயே புரியும்.

திருமங்கலம்:
விட்டுப்போனது ஒண்ணு. பத்துத் தரம் தாயம் விழலைன்னா "இப்ப விழுந்தே தீரும்" என்பாங்க. பத்திலும் விழாமல் போவது ஏறக்குறைய நாலுக்கு ஒரு தரம் நடப்பதுதான். பதினோராவதிலும் அதே 16-ல் 2.

செல்லூர்:
கட்டையை உருட்டாமல் நழுவவிடுற பையன் எல்லாக் கூட்டத்திலும் இருப்பான். அதை எண்ணிக்கையில் சேர்க்காதீங்க. கட்டை மூணு புரளாவது புரளணும், இல்லைன்னா மறுபடி.